மூன்றாம் கலத்தின் ஈய முத்திரை

கோ சுய்போக்குக்கு இடது காது கேட்காது. வலது காது பாதி கேட்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு, ஆலையில் எந்த வால்வு திறந்தது, முழுசாகத் திறந்ததா, திறந்தது ஒழுங்காக மூடிக்கொண்டதா என்று வெளிவாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். மனிதர்கள் பேசுவதுதான் சரியாகப் பிடிபடாது. அதனால் அவரிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கத்திப் பேச வேண்டியிருப்பதால் முக்கியமில்லாத எதையும் யாரும் பேச மாட்டார்கள். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

தைவானில், கவ்சியூங் நகரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய தொழிற்பேட்டையில் இருந்தது அந்தப் பிசின் ஆலை. பெயிண்டுக்கும் அச்சு மைக்கும் வேண்டிய பிசினைக் காய்ச்சி டிரம்மில் அடைத்து அனுப்புவார்கள். ஆலையில் எழுபத்திரண்டு பாதுகாப்பு வால்வுகள். ஒவ்வொன்றையும் வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, பட்டறைக்குக் கொண்டுவந்து, மேஜையில் மாட்டிக் காற்றை மெல்ல ஏற்றி, எந்த அழுத்தத்தில் டப்பென்று திறக்கிறது என்று பார்ப்பார். ஸ்பிரிங்கை முறுக்கிச் சரிசெய்வார். பிறகு கம்பி கோத்து, ஈயக் குண்டு ஒன்றைக் குறடால் நசுக்கி முத்திரை போடுவார். ஈயத்தில் அவருடைய குலப்பெயரும் ஓர் எண்ணும் பதியும். கோ போட்ட முத்திரையைக் கோதான் வெட்டலாம். வெட்டியதைத் தூக்கி எறியக் கூடாது. பட்டறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் போட்டுவைத்து, வருடக் கடைசியில் எண்களைச் சரிபார்த்துவிட்டு உருக்கி மறுபடி குண்டாக வார்ப்பார்.

இந்த வேலையை அவர் பள்ளியில் படிக்கவில்லை. பதினேழு வயதில் கப்பல் உடைக்கும் களத்தில் சேர்ந்தார். உலகத்தின் கிழட்டுக் கப்பல்களெல்லாம் அப்போது கவ்சியூங்குக்குத்தான் சாக வந்தன. கொதிகலன் அறைக்குள் இறங்கிப் பித்தளை வால்வுகளைக் கழற்றிக் கொண்டுவருவது கோவின் வேலை. ஒருநாள் பக்கத்தில் வேலை செய்தவன் ஒரு பழைய நீராவிக் குழாயின் மேல் வெட்டும் நெருப்பைப் பிடித்தான். குழாய் இரண்டு முனையிலும் மூடியிருந்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர்கூட இருக்காது. கோவின் இடது காது அன்றைக்குப் போனதுதான். அந்த ஆளின் செருப்பில் ஒன்று கப்பலின் மேல்தளத்தில் கிடைத்தது. அதற்குப் பிறகு கோவுக்கு நெருப்பைக் கண்டு பயமில்லை. நெருப்புக்கு நடுவில் வாயடைத்துக் கிடக்கும் பாத்திரத்தை நினைத்துத்தான் பயம்.

ஆலையில் அப்படி ஒரு பாத்திரம் இருந்தது. மூன்றாம் கலம்.

அது ஆலையிலேயே பழசு. பிசின் காயும் இரும்புக் கலம், அதைச் சுற்றி இன்னொரு இரும்புச் சுவர். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் நீராவியை விட்டுத்தான் கலத்தைச் சூடாக்குவார்கள். வெளிச்சுவரை எல்லோரும் சட்டை என்பார்கள். கலத்தின் தலையில் பெரிய பாதுகாப்பு வால்வு உண்டு. உள்ளே பிசின் பொங்கினால் அது பார்த்துக்கொள்ளும். சட்டைக்கென்று தனி வால்வு கிடையாது. கட்டியவர்கள் வைக்கவில்லை. நீராவி வரும் குழாயில், சட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன வால்வை வைத்திருந்தார்கள். சட்டையில் அழுத்தம் ஏறினால் குழாய் வழியே பின்னோக்கி வந்து அந்தச் சின்ன வால்வைத் திறந்துகொள்ளட்டும் என்று ஏற்பாடு. அதில் குற்றமில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே, கையால் திருகி மூடும் சக்கர வால்வு ஒன்று இருந்தது. அதை மூடிவிட்டால் சட்டைக்கு வாயில்லை. அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு வழி உண்டுதான், அது ஊசித்துளை மாதிரி. அதுவும் பாதி நாள் துருவேறி அடைத்திருக்கும். உள்ளே தேங்கிய தண்ணீர் அங்கேயே கிடக்கும். வெளியே தீப்பிடித்தால் அது கொதிக்கும். கொதித்தால் போக இடமில்லை.

அதனால் அந்தச் சக்கரத்தைத் திறந்த நிலையில் கம்பியால் கட்டி, கோ ஈய முத்திரை போட்டிருந்தார். அதை வெட்டுவதானால் பிரிவுத் தலைவரின் கையெழுத்து வேண்டும். சக்கரத்தில் சிவப்பு அட்டை தொங்க வேண்டும். மறுபடி திறக்கும்வரை வெட்டியவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. இந்த விதியை எழுதிக் கொடுத்ததே கோதான்.

பிரிவுத் தலைவர் ஜுவாங் கோவைவிட இருபது வயது இளையவர், படித்தவர், நல்ல மனிதர். மூன்று வருடமாகக் கோ அவரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், மூணாம் கலத்துச் சட்டைக்கு நேரா ஒரு வால்வு வெச்சிரலாம் சார். நடுவுல திருகுற சமாச்சாரமே வேண்டாம்."

"மாஸ்டர், நீங்க சட்டைக்குப் பட்டன் தெக்கச் சொல்றீங்க. அதுக்குச் சுவத்தையே வெட்டணும். ஆலையையே மூடிப் பழுதுபார்க்கிற பெரிய நிறுத்தம் வரட்டும், பார்த்துக்கலாம்."

"போன நிறுத்தத்துலயும் இதைத்தான் சொன்னீங்க."

"உங்க முத்திரை இருக்கே மாஸ்டர். அதைத் தாண்டி எவன் கை வெப்பான்?"

கோவுக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பின்னால் பலமுறை நினைத்து வெட்கப்பட்டது அந்தப் பெருமையைத்தான்.

மூன்றாம் கலத்தைக் காய்ச்சியவன் தோ ஹாய்சான். நாற்பத்தொரு வயது. எந்நேரமும் வெற்றிலைப் பாக்கு, சிவந்த வாய், பெரிய குரல். கோவிடம் கத்திப் பேச அவன் சிரமப்பட்டதில்லை. அவனுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. கலத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டிமேல் அந்த ஊரில் எல்லா ஆலைகளிலும் வைப்பதுபோல் பச்சைநிற நொறுக்குத் தீனிப் பொட்டலம் ஒன்று இருக்கும். எந்திரம் சமர்த்தாக இருப்பதற்காக. பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. அதை மாற்றிவைப்பது ஹாய்சான் பொறுப்பு.

அந்த வருடம் ஏழாம் மாதப் படையல் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வைத்தார்கள். வெளிவாசலில் நீள நீளமாக மேஜைகள், அவற்றில் நூடுல்ஸ் பெட்டி, டின் மீன், சோடா, வாத்து, பன்றித் தலை. அந்த மாதம் பசித்துத் திரியும் ஆவிகள் வயிறு நிறைந்து போனால் ஆலையில் விபத்து நடக்காது என்பதால் முதலாளி அதில் குறைவைக்க மாட்டார். ஒவ்வொரு கலத்துக்கும் ஓர் ஆளை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். கோ கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹாய்சான் பட்டறைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே! நீராவி ரெகுலேட்டர் பல்லு போன கிழவன் மாதிரி வழியுது. மூடினாலும் ஆவி உள்ள போய்க்கிட்டே இருக்கு. தொண்ணூறு டிகிரிக்கு ஆற வேண்டிய பிசின் நூத்திமுப்பதை விட்டு இறங்க மாட்டேங்குது."

"பச்சைப் பொட்டலத்துல தேதி பார்த்தியா?"

"ஜூன் மாசமே முடிஞ்சுபோச்சு."

"அதான். ஹாய்சான், ஹாய்சான், உன்னை என்ன சொல்லித் திட்டுறது?"

"யோவ், ஏழாம் மாசத்துல என் பேரைச் சொல்லிக் கத்தாதே. சுத்தி நிக்கிறவன் எவனாவது கேட்டு மனசுல வெச்சுக்கப் போறான். வாண்ணே, இன்னும் ஒரு மணி நேரம் போனா மொத்தமும் கல்லாயிரும். நான்தான் உள்ள இறங்கி உளியால கொத்தணும்."

கோ போய்ப் பார்த்தார். அவன் சொன்னது சரி. சக்கர வால்வை மூடினால் ஆவி நிற்கும், பிசின் ஆறும். வேறு வழியில்லை.

"ஜுவாங் சார் கையெழுத்து வேணுமேடா."

"சார் பன்றித் தலைக்கு ஊதுவத்தி காட்டிக்கிட்டு இருக்காரு. போய்க் கேளு, மொதலாளியையும் ஆவியையும் நிக்க வெச்சுட்டு வருவாரு."

"சிவப்பு அட்டை?"

"ஆபீஸைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. அண்ணே, இருபது நிமிஷம். நான் இங்கயேதானே நிக்கிறேன். நான்தான் அட்டை. பாரு, வாயெல்லாம் செவப்பாத்தானே இருக்கு?"

கோ சிரித்துவிட்டார். மேடையேறி முத்திரையை வெட்டினார். வெட்டிய ஈயத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி மூடினார். சீறல் நின்றது.

"ஊதுவத்தி வெச்சுட்டு வந்து நானே திறக்கிறேன். நீ கையை வெக்காதே."

"எனக்கும் சேர்த்து ஒண்ணு வெய்யி. பொண்டாட்டி சண்டை போடக் கூடாதுன்னு கேளு."

வாசலில் முதலாளி பேசிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருக்குப் பேச நிறைய இருந்தது. இருபது நிமிடம் ஆனது, முப்பது ஆனது. எல்லோர் கையிலும் ஊதுவத்தி எரிந்து குறைந்துகொண்டிருந்தது. நடுவில் விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது என்று கோ நின்றார். ஒரு பக்கம் தகரக் கூண்டில் ஆவிகளுக்கான காகிதப் பணத்தைக் கட்டுக் கட்டாக எரித்தார்கள். புகை தலைக்குமேல் கறுப்பாக வந்தபோது எல்லோரும் அந்தக் கூண்டைத்தான் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "மெதுவாப் போடுங்கப்பா, மூச்சு முட்டுது" என்று கத்தினார். புகை பின்னாலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ அப்படிப் போனது.

அப்போதுதான் மூன்றாம் கலத்தின் பெரிய வால்வு திறந்தது. கோவின் வலது காது அதை உடனே அடையாளம் கண்டது. அவர் மார்ச் மாதம் சோதித்த வால்வு. சரியான அழுத்தத்தில் முழுசாகத் திறந்து கடகடவென்று கத்தியது. ஜுவாங், "வால்வு வேலை செய்யுது, பயப்படாதீங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கை காட்டினார். தீயணைக்கும் குழுவில் இருந்த இருவர் உள்ளே ஓடினார்கள்.

கோ இன்னொரு சத்தத்துக்காக நின்றார். குழாயில் இருக்கும் சின்ன வால்வு. அதன் குரல் மெலிசு, விசில் மாதிரி. கலத்தைச் சுற்றித் தீ என்றால் சட்டையும் கொதிக்கும், அதுவும் இந்நேரம் கத்த வேண்டும். கத்தவில்லை. அது கத்தாது என்று அவருக்குத்தான் தெரியும். கையில் ஊதுவத்தியோடு ஓடினார். டிரம் கிடங்கைத் தாண்டவில்லை. அதற்குள் சட்டை வெடித்தது.

கரைப்பான் பம்பின் அடைப்பு வளையம் பிய்ந்து, தரையில் ஓடிய கரைப்பான் பற்றிக்கொண்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வெறும் தீயாக இருந்திருந்தால் அரை மணியில் நுரையடித்து அணைத்திருப்பார்கள். சட்டையில் அழுத்தம் ஏறிக் கலத்தின் சுவரை உள்பக்கமாக நசுக்கி, வெளிச்சுவரையும் கிழித்து, நாலு டன் சூடான பிசினை வெளியே கொட்டியதுதான் காரியத்தைக் கெடுத்தது. ஓடிய இருவரும் கையிலும் காலிலும் வெந்து பிழைத்தார்கள். ஹாய்சானை மேடைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து செத்தான்.

விசாரணைக்குத் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஆள்கள் வந்தார்கள். கம்பி எரிந்து கருகியிருந்தது. ஈயம் உருகி ஓடியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். சக்கர வால்வைப் படம் எடுத்தார்கள். பன்னிரண்டில் இரண்டு சுற்று மட்டும் திறந்திருந்தது. கோவைக் கூப்பிட்டு ஜுவாங் பக்கத்தில் நின்று கத்திக் கேட்டார்.

"மாஸ்டர், இதுக்கு முத்திரை போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"மாசாந்திரச் சுத்துல பார்த்தப்போ முத்திரை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

இரண்டும் உண்மை. மூன்றாவது கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று கோ வெகுநாள் தன்னிடம் சொல்லிக்கொண்டார்.

அறிக்கையின் வரைவில் ஒரு வரி வந்தது: கலத்தை இயக்கியவர் அனுமதியின்றி முத்திரையை உடைத்து வால்வை மூடியிருக்கிறார். அதைத் தட்டச்சுச் செய்தவள் தன் அக்காவிடம் சொன்னாள், அக்கா மீன்கடையில் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் பேட்டை முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஹாய்சான் அவசரக்காரன், எப்போதும் பாக்கு மென்றுகொண்டு விதியை மதிக்காதவன், தானும் செத்து இரண்டு பேரை வேகவைத்தவன். அவனைப் பற்றி நேற்றுவரை சிரித்துப் பேசியவர்களே அப்படிப் பேசினார்கள்.

வெடித்த மறுநாள் கோவின் மனைவி கிம்யோக் துணி துவைக்கும்போது சட்டைப் பையில் ஏதோ தட்டுப்பட்டு எடுத்தாள்.

"இது என்ன, பொத்தானா?"

"இங்க குடு."

அதைக் கொண்டுபோய் பிஸ்கட் டப்பாவில் போட்டார். எறிந்திருக்கலாம். பக்கத்திலேயே கடல் இருந்தது. எறியத் தோன்றவில்லை. முப்பது வருடப் பழக்கம், கை தானாக டப்பாவைத் திறந்தது.

ஹாய்சான் வீட்டில் ஒவ்வோர் ஏழாம் நாளும் சடங்கு நடந்தது. அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து தங்கநிறக் காகிதத்தில் தாமரை மடிப்பது வழக்கம். சடங்கு முடிவில் எரிப்பார்கள், இறந்தவன் அதில் ஏறிப் போவான். முதல் ஏழுக்குக் கூடம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். இரண்டாவது ஏழுக்குள் வரைவின் வரி வெளியே வந்துவிட்டது. வெந்தவர்களின் மனைவிமார் வரவில்லை. அவர்களுக்காக மற்றவர்களும் வரவில்லை. மூன்றாவது ஏழுக்கு ஹாய்சானின் மனைவி போஹா, அவனுடைய அத்தை ஒருத்தி, கோ. மூன்று பேர்தான்.

கோ ஒரு வாரம்கூடத் தவறவில்லை. தடித்த விரல்களால் தாமரை மடிப்பார். வால்வு ஸ்பிரிங்கை முறுக்கிய விரல்களுக்குக் காகிதம் அடங்காது, கிழியும். மறுபடி மடிப்பார். போஹா தேநீர் வைப்பாள். ஒன்றும் பேச மாட்டாள். அவரைக் கூர்ந்து பார்ப்பாள். காது கேட்காத ஆளிடம் என்ன பேசுவது என்று விட்டுவிட்டாள் என்றே அவர் நினைத்தார்.

சொல்ல வாயெடுத்த நாள்களும் உண்டு. நாலாவது ஏழில் கிட்டத்தட்ட சொல்லிவிட்டார். அதற்குள் அத்தை, "இவ்வளவு நல்லவரா வாராவாரம் வர்றீங்களே, புண்ணியமாப் போகும்" என்று காதருகே கத்தினாள். அதற்குப்பின் எப்படிச் சொல்வது? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் கிம்யோக் கேட்டாள்: "ஏன் சாப்பிட மாட்டேங்கிறே?"

"வயிறு சரியில்ல."

"ஆறு வாரமாவா? அந்தப் பொத்தான் என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன்கூட இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்." காலையில் சோயாப் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் விற்கும் கடை அவளுடையது. மாவைப் பிசைந்தபடியே சொன்னாள். "ஜெயில்ல போட்டா நான் சமாளிச்சுக்குவேன். நீ இப்படி உக்காந்திருக்கிறதைத்தான் சமாளிக்க முடியல."

ஏழாவது ஏழு ஒரு சனிக்கிழமை விழுந்தது. அடுத்த திங்களன்று ஆய்வு அலுவலகத்தில் அறிக்கையை முடித்துக் கையெழுத்துப் போடப்போகிறார்கள் என்று ஜுவாங் சொல்லியிருந்தார். போட்டுவிட்டால் அந்த வரி அப்படியே நின்றுவிடும். பிற்பகல் மழை. போஹா வீட்டில் அத்தைகூட இல்லை, காய்ச்சலாம். ஹாய்சான் படத்துக்குள் வாயை மூடிக்கொண்டு இருந்தான். பாக்குக்கறை தெரியக் கூடாதென்று யாரோ அப்படி எடுத்த பழைய படம். கோ மூன்று தாமரை மடித்தார். நாலாவது கிழிந்தது.

"போஹா, அந்த முத்திரையை வெட்டினது நான்."

அவர் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. போஹா காகிதத்தைக் கீழே வைத்தாள். எழுந்து அவருடைய வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"தெரியும்," என்றாள்.

"வால்வை மூடினதும் நான்தான். அவன் இல்ல."

"தெரியும்ணே. ஆஸ்பத்திரியில சொன்னாரு. ரெண்டாம் நாளு பேச்சு வந்துச்சு. 'கோ அண்ணன் மூடிட்டுப் போச்சு, தீ வந்ததும் நான் திறக்கப் போனேன், ரெண்டு சுத்துதான் முடிஞ்சுது'ன்னாரு."

இரண்டு சுற்று. படத்தில் பார்த்ததுமே கோவுக்குத் தெரியும். அவர் முழுசாக மூடிய சக்கரம். தீக்கு நடுவே மேடையேறி, கொதிக்கும் இரும்பை வெறுங்கையால் திருப்பியவனுடைய இரண்டு சுற்று. அவன் ஓடிப்போயிருக்கலாம். படிக்கட்டு ஓடிப்போகும் திசையில்தான் இருந்தது.

"தெரிஞ்சு ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?"

"'யார்கிட்டயும் சொல்லாதே, அண்ணனே வந்து சொல்லும்'னாரு. ஏழு வாரமாப் பார்க்கிறேன். வர்றீங்க, பூ மடிக்கிறீங்க, டீ குடிக்கிறீங்க, போறீங்க." அவள் கத்தவில்லை. ஆனால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "மீன்காரி எனக்கு மீதிச் சில்லறையைக் கையில குடுக்க மாட்டேங்கிறா, பலகையில வெக்கிறா. இவருக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டு வர்றேன்."

கோ படத்துக்கு முன்னால் மண்டியிட்டார். தட்டில் இரண்டு காசுகள் இருந்தன, இறந்தவனிடம் கேட்பதற்கு. ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழுந்தால் சரி என்கிறான். இரண்டும் ஒன்றாக விழுந்தால் இல்லை என்கிறான்.

"ஹாய்சான், என்னை மன்னிச்சுட்டியா?" வீசினார். இரண்டும் தலை.

மறுபடி கேட்டார். இரண்டும் பூ.

மூன்றாவது முறை கையை ஓங்கினார். போஹா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதைக் கேக்காதீங்க. அது உங்களுக்கு வேண்டியது. அவருக்கு அதனால என்ன?"

காசுகளை வாங்கிக்கொண்டாள். படத்தைப் பார்த்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் விசாரிப்பது மாதிரிக் கேட்டாள். "என்னங்க, இவரு திங்கக்கிழமைக்குள்ள போய்ச் சொல்லுவாரா?"

காசுகள் தரையில் சுழன்று விழுந்தன. ஒன்று பூ. ஒன்று தலை.

"பார்த்துக்கிட்டீங்களா?" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காசுகளைத் துடைத்துத் தட்டில் வைத்தாள். மிச்சமிருந்த காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நூத்தியெட்டு வேணும். இன்னும் முப்பது குறையுது."

முப்பதையும் மடித்துவிட்டுத்தான் கோ எழுந்தார்.

திங்கட்கிழமை காலை ஆய்வு அலுவலகத்தின் மேஜைமேல் பிஸ்கட் டப்பாவை வைத்தார். அதிலிருந்து ஓர் ஈயத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் கலத்தின் எண். பதிவேட்டில் ஜனவரியில் அவரே எழுதியது. வெட்டுவாய் பளிச்சென்று இருந்தது, தீ பட்டதேயில்லை. அதிகாரி அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லல?"

"என்ன சார்?"

உண்மையிலேயே கேட்கவில்லை. அதிகாரி கத்திக் கேட்டார். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அறிக்கையில் பெயர் மாறியது. திறக்க முயன்று இறந்தார் என்று ஹாய்சானைப் பற்றி ஒரு வரி சேர்ந்தது. வெந்தவர்களின் மனைவிமார் நூறாம் நாளுக்கு ஆப்பிள் கூடையோடு போஹா வீட்டுக்கு வந்தார்கள் என்று கிம்யோக் கேள்விப்பட்டுச் சொன்னாள். ஜுவாங்குக்கு எச்சரிக்கைக் கடிதம், கோவுக்கு நீதிமன்றம். எட்டு மாதம், நிறுத்திவைத்த தண்டனை. உள்ளே போக வேண்டியதில்லை. ஆலைக்கும் போக வேண்டியதில்லை. குறடைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பட்டறையில் யாரும் அவரிடம் கத்தவில்லை. வணக்கம் சொல்லவும் இல்லை.

பிறகு கிம்யோக்கின் கடையில் சோயாப் பால் ஊற்றினார். பேட்டை ஆள்களில் பாதிப் பேர் தெருவின் எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்கள். சிலர் ஹாய்சானுக்காகப் போனார்கள், சிலர் வெந்த இருவருக்காக. வீண்பழி சொன்னதற்காகத் தங்கள்மேலேயே கோபப்பட்டு வராமல் போனவர்களும் உண்டு.

மறுவருடம், புது மூன்றாம் கலம் ஓடத் தொடங்கிய வாரத்தில், போஹா கடைக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை.

"சூடா ஒரு பாலு. சக்கரை வேண்டாம்."

கோ ஊற்றினார். அவள் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"புதுக் கலத்துல சட்டைக்குத் தனியா வால்வு வெச்சிருக்காங்களாமே."

"சட்டை மேலயே. நடுவுல மூடுற மாதிரி எதுவும் கிடையாது. ஜுவாங் சார் கடுதாசி போட்டிருந்தாரு."

"நீங்க பார்த்தீங்களா?"

"என்னை உள்ள விட மாட்டாங்க."

அவள் பாலை ஊதிக் குடித்தாள். தெருவில் முதல் ஷிப்டுக்குப் போகும் ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன.

"அது திறந்தா சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குமா?"

கோ யோசித்தார். சட்டைக்கு எவ்வளவு பெரிய வால்வு வைத்திருப்பார்கள், என்ன குரலில் கத்தும், வாசலிலிருந்து அவள் வீடு எவ்வளவு தூரம்.

"கடல் காத்து அடிச்சா கேக்கும்," என்றார்.

போஹா தலையாட்டினாள். காசை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள்.